.22 தோட்டா: 50 மீட்டருக்குப் புதிதாக வருகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

10 மீட்டர் ஏர் ரைபிளில் கொஞ்ச காலம் பழகிவிட்டு 50 மீட்டருக்கு மாறுகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எந்தக் கம்பெனி தோட்டா நல்லது?" என்பதுதான். நியாயமான கேள்வி. ஏர் ரைபிளில் பெல்லட் பெரிதாக ஒரு தொந்தரவும் கொடுக்காது. .22 தோட்டா (குண்டின் விட்டம் சுமார் 0.22 அங்குலம் என்பதால் இந்தப் பெயர்) அப்படி இல்லை. சில நேரம் வெடிக்காது, சில நேரம் தாமதமாக வெடிக்கும், சில நேரம் ஒழுங்காக வெடித்தும் காரணமே இல்லாமல் இலக்கின் எட்டு வளையத்தில் போய் உட்காரும். புதியவர் உடனே தன் மூச்சையும் ட்ரிகர் பிடிப்பையும் சந்தேகப்பட ஆரம்பித்துவிடுவார். தப்பே இல்லாத இடத்தில் தப்பைத் தேடி நல்ல பயிற்சியைக் கெடுத்துக்கொள்கிறார்களே என்ற வருத்தத்தில்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லா ரைபிளுக்கும் பொருந்தும் நல்ல தோட்டா என்று ஒன்று கிடையாது. உங்கள் பேரலுக்கு (குண்டு ஓடும் குழலுக்கு) ஒத்துவரும் ஒரு லாட், அதாவது தொழிற்சாலையில் ஒரே தடவையில் தயாரான ஒரு தொகுதி, இருக்கும். அதைச் சுட்டுப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க முடியும். கண்டுபிடித்ததும் கையில் இருக்கும் காசுக்கு அந்த லாட்டையே வாங்கி வைக்க வேண்டும்.

தோட்டாவைக் கையில் எடுத்துப் பாருங்கள்

இன்று நாம் சுடும் .22 எல்.ஆர். (லாங் ரைபிள்) தோட்டாவை 1887இல் அமெரிக்காவின் ஸ்டீவன்ஸ் நிறுவனம் கொண்டுவந்தது. அடிப்படை அமைப்பு இன்றுவரை மாறவில்லை. பெரிய ரைபிள் தோட்டாவைத் திருப்பிப் பார்த்தால் அடியில் நடுவே வட்டமாக ஒரு சிறு மூடி தெரியும். பற்றவைக்கும் மருந்து அதற்குள் இருக்கும். .22இல் அந்த மூடி இல்லை. பித்தளைக் கூட்டின் அடி விளிம்பு மடிந்து, உள்ளே ஒரு குறுகலான பள்ளம் ஓடும். தொழிற்சாலையில் ஈரமான பற்றுமருந்தை ஒரு துளி கூட்டுக்குள் வைத்து, கூட்டை வேகமாகச் சுழற்றுவார்கள். மருந்து அந்தப் பள்ளத்துக்குள் சுற்றிலும் பரவி ஒட்டிக் காய்ந்துவிடும். ட்ரிகரை அழுத்தியதும் ஃபயரிங் பின் (அடிக்கும் ஊசி) வந்து விளிம்பை நசுக்கும்போது அந்த மருந்து பொறி விடும், உள்ளே இருக்கும் வெடிமருந்து பற்றிக்கொள்ளும். ரிம்ஃபயர் என்ற பெயரே இதனால் வந்ததுதான்.

இப்போது யோசித்துப் பாருங்கள். பள்ளத்தில் எங்காவது ஓர் ஓரத்தில் மருந்து சரியாகப் போய்ச் சேரவில்லை, பின் சரியாக அந்த ஓரத்தில் விழுகிறது என்றால் தோட்டா வெடிக்காது. ரிம்ஃபயரில் மிஸ்ஃபயர் அதிகம் என்ற பெயர் வந்ததற்கு முக்கியக் காரணம் இதுதான். நல்ல தொழிற்சாலைகள் இந்த ஒரு வேலையில் காட்டும் கவனத்துக்குத்தான் நாம் பாதி விலை கொடுக்கிறோம் என்பது என் எண்ணம்.

அடுத்து குண்டு. வழக்கமான குண்டு 40 கிரெய்ன் எடை, அதாவது சுமார் 2.6 கிராம் ஈயம். குண்டின் விட்டமும் கூட்டின் வெளி விட்டமும் ஏறக்குறைய ஒன்றுதான். குண்டின் அடிப்பாகம் மட்டும் கொஞ்சம் ஒடுங்கிக் கூட்டுக்குள் நுழைந்திருக்கும். பிடிமானம் அவ்வளவுதான். கீழே போட்டாலோ, பையில் தளர்வாகக் குலுங்கினாலோ குண்டு லேசாகச் சாய்ந்துவிடலாம். வெளியே தெரியும் ஈயத்தின் மேல் மெழுகோ கிரீஸோ பூசியிருப்பார்கள். மணலில் விழுந்த தோட்டாவைத் துடைத்துவிட்டுச் சுடலாம் என்று நினைக்காதீர்கள். அந்தப் பூச்சில் ஒட்டிய மணல் நேராகப் பேரலுக்குள் போகும்.

வேகம்: எது வேண்டும், எது வேண்டாம்

பெட்டியில் "ஸ்டாண்டர்டு வெலாசிட்டி" என்று இருந்தால் குண்டு நொடிக்குச் சுமார் 320 முதல் 330 மீட்டர் வேகத்தில் கிளம்பும். "ஹை வெலாசிட்டி" என்றால் 370க்கு மேல். வேகம் கூடினால் துல்லியமும் கூடும் என்று புதியவர்கள் நினைப்பது இயல்பு. காகித இலக்கில் நிலைமை தலைகீழ். 20 டிகிரி வெப்பத்தில் ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர். ஹை வெலாசிட்டி குண்டு ஒலியை முந்திக் கிளம்பி, காற்றின் தடையால் வேகம் குறைந்து, ஏறத்தாழ 50 மீட்டர் வாக்கில் ஒலியின் வேகத்துக்குக் கீழே இறங்கும். அந்த இறக்கத்தில் குண்டு தடுமாறும். அதனால்தான் போட்டித் தோட்டாக்கள் எல்லாமே ஒலிக்குக் கீழேயே கிளம்பும்படி செய்யப்படுகின்றன.

அப்புறம், வேகம் எவ்வளவு என்பதைவிட எல்லாத் தோட்டாவும் ஒரே வேகத்தில் போகின்றனவா என்பதுதான் முக்கியம். நொடிக்கு 325 மீட்டரில் ஒரு குண்டும் 335 மீட்டரில் இன்னொரு குண்டும் கிளம்பினால், 50 மீட்டரில் அவை மேலும் கீழுமாகச் சுமார் 7 மி.மீ. விலகும். ஐ.எஸ்.எஸ்.எஃப். (சர்வதேசத் துப்பாக்கி சுடும் கூட்டமைப்பு) 50 மீட்டர் இலக்கில் பத்து வளையத்தின் விட்டமே 10.4 மி.மீ.தான். நீங்கள் அசையாமல் சுட்டிருந்தாலும், நொடிக்கு 10 மீட்டர் வேக வித்தியாசம் உங்களைப் பத்திலிருந்து ஒன்பதுக்குத் தள்ளிவிடலாம். தூரம் இரட்டித்தால் இந்த விலகல் நான்கு மடங்காகும். அதனால் 100 மீட்டரில் சுட ஆசைப்படுகிறவர்களுக்கு இது இன்னும் பெரிய விஷயம்.

செமி ஆட்டோமேட்டிக் ரைபிள் வைத்திருக்கிறவர்களுக்குக் கணக்கு வேறு. ரூகர் 10/22 போன்ற ரைபிள்களில் தோட்டாவின் விசைதான் போல்ட்டை (தோட்டாவுக்குப் பின்னால் அடைத்து நிற்கும் பகுதியை)ப் பின்னுக்குத் தள்ளி அடுத்ததை ஏற்றுகிறது. விசை குறைந்த சப்சானிக் (ஒலிக்குக் கீழே கிளம்பும்) தோட்டா போட்டால் போல்ட் முழுதாகப் பின்னால் போகாமல் காலிக் கூடு சிக்கிக்கொள்ளலாம். அது தோட்டாவின் குறையல்ல, பொருத்தக் குறை. 50 மீட்டர் போட்டியில் நாம் பயன்படுத்துவது ஒவ்வொன்றாக ஏற்றும் போல்ட் ரைபிள் என்பதால் இந்தக் கவலை நமக்கு இல்லை.

வாங்கும்போது

இந்தியாவில் .22 ரைபிளும் தோட்டாவும் ஆயுதச் சட்டம் 1959, ஆயுத விதிகள் 2016 ஆகியவற்றின் கீழ் வருகின்றன. உரிமமில்லாமல் வாங்கவோ வைத்திருக்கவோ முடியாது. புதியவர்கள் பெரும்பாலும் கிளப் ரைபிளில், கிளப் வழியாக வரும் தோட்டாவில்தான் தொடங்குவார்கள். எத்தனை வாங்கலாம், எங்கே வைக்கலாம் என்பதைக் கிளப் செயலாளரிடம் கேட்டு அதன்படியே நடந்துகொள்ளுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் அந்தந்த நாட்டுச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பெயர்களுக்கு வருவோம். பயிற்சிக்கு எஸ்.கே. ஸ்டாண்டர்ட் பிளஸ், சி.சி.ஐ. ஸ்டாண்டர்ட், ஈலி கிளப் போன்றவை பலர் நம்பிப் பயன்படுத்துபவை. போட்டிக்கு ஈலி டெனெக்ஸ், லாபுவா மிடாஸ் பிளஸ், ஆர்.டபிள்யூ.எஸ். ஆர்50 மாதிரியானவை. 50 தோட்டா கொண்டது ஒரு பெட்டி. 10 பெட்டி சேர்ந்தால் 500, அதை ப்ரிக் என்பார்கள். பெரிய டப்பாவில் மொத்தமாகக் கொட்டி விற்கும் மலிவுத் தோட்டாக்களும் உண்டு. டப்பாவுக்குள் ஒன்றோடொன்று உரசி ஈயம் அடிபட்டிருக்கும். தகர டப்பாவைக் குறிவைத்து விளையாட அவை போதும். இலக்குப் பயிற்சிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

விலையைவிட முக்கியமாகப் பெட்டியில் பார்க்க வேண்டியது லாட் எண். ஒரே பெயர், ஒரே விலை, வேறு லாட் என்றால் அது வேறு தோட்டா என்றே எடுத்துக்கொள்ளுங்கள். டெனெக்ஸ் மாதிரிப் பெட்டிகளில் அந்த லாட்டின் வேகத்தையும் அச்சடித்திருப்பார்கள். கையில் இருக்கும் எல்லாப் பெட்டியின் லாட் எண்ணையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். பெட்டியை மாற்றித் தோட்டாவைக் கொட்டி வைக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம்.

இன்னொரு எச்சரிக்கை. சி.சி.ஐ. ஸ்டிங்கர் என்ற மிகு வேகத் தோட்டாவின் கூடு வழக்கமானதைவிட நீளம். போட்டி ரைபிளின் இறுக்கமான சேம்பருக்கு (பேரலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடத்துக்கு) அது ஆகாது. .22 மேக்னம் என்பதும் வேறு தோட்டா. அதன் கூடு அகலம் கூட. மேக்னம் ரைபிளில் எல்.ஆர். தோட்டாவைப் போட்டுச் சுட்டால் கூடு பக்கவாட்டில் கிழிந்து சூடான வாயு பின்னால் பீறிடும். பேரலின் மேல் என்ன எழுதியிருக்கிறதோ அந்தத் தோட்டா மட்டும்தான்.

சுடுவதற்கு முன் ஒரு பார்வை

50 தோட்டாவையும் தட்டில் நிறுத்தி வைத்து மெதுவாகப் பாருங்கள். குண்டின் மூக்கு நசுங்கியிருக்கிறதா, விளிம்பில் வெட்டு இருக்கிறதா, பித்தளையில் பச்சை படிந்திருக்கிறதா, குண்டு ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா. சாய்ந்தது, நசுங்கியது எல்லாம் தனியாகப் போகட்டும். குண்டு கழன்று ஆடும் தோட்டாவைச் சுடவே வேண்டாம்.

விளிம்பின் தடிமனை அளந்து பிரிப்பது, ஒவ்வொன்றாக எடை போட்டுப் பிரிப்பது என்று சிலர் மணிக்கணக்காக உட்காருவார்கள். நல்ல லாட்டில் அதனால் கிடைக்கும் பயன் மிகக் குறைவு, மோசமான லாட்டை அது காப்பாற்றவும் செய்யாது. அந்த நேரத்தை ரேஞ்சில் செலவழியுங்கள்.

வெடிக்காவிட்டால் என்ன செய்வது

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள். கண்ணாடியும் காதுக்கவசமும் இல்லாமல் ரேஞ்சில் உட்காரக் கூடாது என்பதை நினைவுபடுத்திவிட்டுத் தொடங்குகிறேன்.

ட்ரிகரை அழுத்தினீர்கள், "டிக்" என்ற சத்தம் மட்டும் வந்தது. ரைபிளை அசைக்காதீர்கள். பேரல் இலக்கைப் பார்த்தபடியே இருக்கட்டும், முகத்தைப் போல்ட்டுக்குப் பின்னால் கொண்டுபோகாதீர்கள். முழுதாக 30 நொடி காத்திருங்கள். உங்கள் ரேஞ்சில் அதைவிட அதிகம் சொல்லியிருந்தால் அதுவே கணக்கு. மருந்து தாமதமாகப் பற்றும் ஹேங்ஃபயர் அபூர்வம்தான், ஆனால் போல்ட்டைத் திறக்கும் நேரத்தில் வெடித்தால் பித்தளைத் துண்டு கண்ணுக்கு வரும். காத்திருந்த பிறகு ரேஞ்ச் ஆபீசருக்குக் கை காட்டிச் சொல்லிவிட்டுப் போல்ட்டைத் திறந்து தோட்டாவை எடுங்கள்.

தோட்டா வெளியே வரவில்லை என்றால் கத்தி, ஸ்க்ரூ டிரைவர் என்று எதையும் விளிம்பில் விட்டு நெம்பக் கூடாது. பற்றுமருந்து இருப்பதே அந்த விளிம்பில்தான். பயிற்சியாளரையோ துப்பாக்கி பழுது பார்ப்பவரையோ கூப்பிடுங்கள்.

வெளியே வந்த தோட்டாவின் விளிம்பை வெளிச்சத்தில் பாருங்கள். பின் அடித்த தழும்பு ஆழமாக, விளிம்பிலேயே தெளிவாக விழுந்திருந்தும் வெடிக்கவில்லை என்றால் தோட்டாவின் மேல் சந்தேகம் வைக்கலாம். தழும்பு மேலோட்டமாகவோ, விளிம்பை விட்டு உள்பக்கம் தள்ளியோ இருந்தால் ரைபிளைப் பாருங்கள். போல்ட்டுக்குள் பழைய எண்ணெய் பிசினாகியிருக்கும், ஸ்பிரிங் களைத்திருக்கும், அல்லது பின்னின் முனை தேய்ந்திருக்கும். போல்ட் முழுதாக மூடாமல் சுட்டாலும் அடி பலவீனமாக விழும். தோட்டாவைத் திட்டிக்கொண்டு பெட்டி பெட்டியாக மாற்றுகிறவர்கள் பலருக்கு உண்மையில் தேவைப்பட்டது ஒரு முறை போல்ட்டைச் சுத்தம் செய்வதுதான்.

ரேஞ்ச் விதி அனுமதித்தால், ஆழமான தழும்பு உள்ள தோட்டாவை அரைச் சுற்றுத் திருப்பி, விளிம்பின் வேறு இடத்தில் பின் விழும்படி ஒரே ஒரு முறை மீண்டும் முயலலாம். வெடித்தால், முதலில் அடி விழுந்த இடத்தில் மருந்து இல்லாமல் இருந்திருக்கலாம். அப்போதும் வெடிக்காவிட்டால் கெட்ட தோட்டாவுக்கென்று ரேஞ்சில் வைத்திருக்கும் பெட்டியில் போடுங்கள். சட்டைப் பையிலோ குப்பைத் தொட்டியிலோ போகக் கூடாது.

இதைவிட ஆபத்தானது வேறொன்று. சத்தம் வழக்கம்போல் இல்லாமல் "புஸ்" என்று மெலிதாக வந்து, இலக்கிலும் ஓட்டை விழவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள். குண்டு பேரலுக்குள் பாதியில் நின்றிருக்கலாம். அதன் பின்னால் அடுத்ததைச் சுட்டால் பேரல் வீங்கிப் போகும், கைக்கும் ஆபத்து. போல்ட்டைத் திறந்து, சேம்பர் காலி என்று உறுதி செய்து, சுத்தம் செய்யும் ராடை விட்டுப் பேரலில் அடைப்பு இல்லை என்று பார்த்த பிறகே மற்றது.

போட்டி ரைபிள்களில் இன்னொரு சங்கதி. சேம்பர் இறுக்கமாக இருப்பதால் போல்ட்டை மூடியதும் குண்டு பேரலின் உட்புறத்தில் வெட்டியிருக்கும் வரிகளில் லேசாகப் பதிந்துவிடும். சுடாத தோட்டாவை வெளியே எடுத்தால் குண்டு அங்கேயே தங்கி, கூடு மட்டும் வந்து, மருந்து உள்ளே கொட்டும். தேவையில்லாமல் ஏற்றி இறக்குவதைத் தவிருங்கள். எடுத்த தோட்டாவில் குண்டு இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

எந்த லாட் ஒத்துவருகிறது: சோதிக்கும் முறை

காற்று இல்லாத காலை நேரம் வேண்டும். கையால் பிடித்துச் சுடாமல் முன்னும் பின்னும் மணல் மூட்டை வைத்து ரைபிளைத் தாங்கிச் சுடுங்கள். உங்கள் திறமையை இன்று சோதிக்கவில்லை, தோட்டாவைத்தான் சோதிக்கிறோம்.

ஒரு வகையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது முதல் 10, 15 தோட்டாவைக் கணக்கில் எடுக்காதீர்கள். பழைய தோட்டாவின் மெழுகு பேரலுக்குள் இருக்கும். புதியதன் மெழுகு படிந்த பிறகுதான் பேரல் ஒரு நிலைக்கு வரும். நன்றாகச் சுத்தம் செய்த பேரலுக்கும் இதே விதிதான்.

அதன் பிறகு 10 தோட்டா கொண்ட குரூப்களாக (ஒரே இலக்கில் சேர்த்துச் சுடும் தொகுப்புகளாக)ச் சுடுங்கள், ஒரு லாட்டுக்குக் குறைந்தது நான்கு குரூப். ஐந்தே தோட்டாவில் அழகாக ஒரு குரூப் விழுந்ததும் "இதுதான்" என்று முடிவு கட்டுவது பரவலாக நடக்கும் தப்பு. ஐந்து தோட்டா நன்றாக விழுவது தற்செயலாகவும் நடக்கும். ஒன்பது சேர்ந்து விழுந்து ஒன்று தனியாகப் போனால் அந்த ஒன்றையும் சேர்த்தே அளக்க வேண்டும். போட்டியில் 60 தோட்டாவும் கணக்குத்தான், அந்தத் தனி ஒன்று அங்கேயும் வரும்.

குரூப்பின் வடிவமும் பேசும். மேலும் கீழுமாக நீண்டிருந்தால் வேகம் சீராக இல்லை என்று சந்தேகிக்கலாம். பக்கவாட்டில் நீண்டிருந்தால் முதலில் காற்றைச் சந்தேகியுங்கள், பிறகு மணல் மூட்டையை. எல்லா லாட்டும் ஒரே மாதிரி சிதறினால் தோட்டாவை விட்டுவிட்டு ஸ்டாக் திருகுகளையும் சைட்டையும் பாருங்கள். வேகம் அளக்கும் குரோனோகிராஃப் கிளப்பில் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் கவலை வேண்டாம், கடைசித் தீர்ப்பு காகிதத்தில்தான்.

மலிவான ஒரு லாட் உங்கள் பேரலில் விலை கூடியதை வெல்வது நடக்கக்கூடியதே. அப்படி வந்தால் காகிதத்தை நம்புங்கள். பெரிய அளவில் போட்டியிடுகிறவர்களுக்காக லாபுவா ஜெர்மனியின் ஷோனெபெக்கில் ஒரு சோதனை மையமே நடத்துகிறது. ரைபிளைக் கொண்டுபோனால் பல லாட்டைச் சுட்டுப் பார்த்து எது பொருந்துகிறது என்று சொல்வார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் மூன்று நிலை (மண்டியிட்டு, படுத்து, நின்று சுடும்) போட்டியில் வெண்கலம் வாங்கிய பிறகு நம் ஊரிலும் இந்தப் பிரிவின் பக்கம் பலர் திரும்பிப் பார்க்கிறார்கள். அந்த மட்டத்தில் லாட் தேர்வு பயிற்சியின் ஒரு பகுதி.

சுத்தமும் சேமிப்பும்

சென்னை வெயிலில் பூட்டிய காருக்குள் தோட்டாவை விடாதீர்கள். மெழுகு இளகி ஓடும், சூடான மருந்து வேகமாக எரிந்து குண்டு இலக்கில் வழக்கத்தைவிட மேலே போய் விழும். தொடர்ந்து சுட்டுச் சூடேறிய சேம்பரில் தோட்டாவை ஏற்றிவைத்துக்கொண்டு நீண்ட நேரம் காற்றுக்குக் காத்திருப்பதாலும் இதே விளைவு வரும். வீட்டில் ஈரமில்லாத, குளுமையான, பூட்டிய இடம் போதும். துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் ஸ்பிரே அடிப்பது கூடாது; .22 கூட்டின் வாய் அவ்வளவு இறுக்கமில்லை, எண்ணெய் உள்ளே கசிந்து மருந்தைக் கெடுக்கும்.

பேரலைத் தினமும் தேய்த்துக் கழுவத் தேவையில்லை. சேம்பருக்கு முன்னால் வளையமாகப் படியும் கரியை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். நல்ல லாட் திடீரென்று சிதற ஆரம்பித்தால் முதலில் அதைத்தான் பார்ப்பேன். சுட்டு முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குண்டு ஈயம், புகையிலும் ஈயம். கழுவாத கையோடு டீயும் பிஸ்கட்டும் வேண்டாம், முக்கியமாகச் சிறுவர்களுக்கு.

பிடித்த லாட் தீரும்வரை சுடாதீர்கள். கடைசி இரண்டு பெட்டியை எடுத்து வைத்து, புது லாட் வந்ததும் ஒரே காலையில், ஒரே மணல் மூட்டையில், பழையதில் இரண்டு குரூப், புதியதில் இரண்டு குரூப் என்று மாற்றி மாற்றிச் சுடுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் இடையே பேரலுக்குப் பழக முன்பு சொன்ன 10, 15 தோட்டாவைக் கொடுத்துவிடுங்கள். லாட் எண்ணையும் தேதியையும் அந்தக் காகிதத்தின் மூலையிலேயே எழுதி வைத்தால், அடுத்த சீசனில் வாங்கும்போது அதையே எடுத்துப் பார்க்கலாம்.